கேட்டுக் கட்டிய வீடு

லாபம் வேண்டும் என்று வருகிறவனிடம் எனக்குப் பயம் கிடையாது. எதற்கு வந்திருக்கிறான் என்று தெரியும். அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், நடுவில் எங்கேயாவது வந்து நிற்போம். லாபமே வேண்டாம் என்று ஒருவன் வாசலில் வந்து நின்றால்தான் எனக்குப் பயம். அவனிடம் எதைப் பிடித்து இழுப்பது?

எங்கள் தெருவுக்கு அப்படி ஒரு நிறுவனம் வந்தது. ஏழைகளுக்கு வீடு கட்டித் தருகிற லாப நோக்கமற்ற நிறுவனம். எங்கள் வீடுகள் பழைய மில் தன் ஆட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகள். மில் மூடியது, முதலாளி செத்தார், அவர் பிள்ளைகள் நிலத்தை இந்த நிறுவனத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மரத்தோடு தோப்பைக் கொடுப்பது மாதிரி எங்களோடு தெருவைக் கொடுத்தார்கள்.

முதல் கூட்டம் தெருவிலேயே நடந்தது. நிறுவனத்தின் தலைவி நரைத்த தலை, மெல்லிய குரல். வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் பேசுவாராம். எங்கள் தெருவில் நாங்களே செருப்பில்லாமல் நடக்க மாட்டோம், அதற்குக் காரணம் நாய்கள்.

"நாங்க கட்ட வரல. கேக்க வந்திருக்கோம்," என்றார்.

பழைய பேப்பர் வாங்குகிறவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "என்னம்மா கேக்கறீங்க?"

"உங்களைத்தான் கேக்கறோம்."

"எங்களையா? எங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"அப்படி இல்லைங்க. உங்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்வோம்."

"கேட்டா நாங்க குடுக்கணுமா?"

"நீங்க எதுவும் குடுக்க வேண்டாம். நீங்க கேளுங்க. நாங்க கேக்கறோம்."

இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தால் கொடுக்கிறவன் யார் என்று பேப்பர்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்தச் சந்தேகத்தை மட்டும் இன்றுவரை யாரும் தீர்த்து வைக்கவில்லை.

எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரச் சொன்னார்கள். உயர்வு தாழ்வு கூடாதாம். என் தங்கச்சி புருஷனுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அவர் தையல்காரர். சின்ன வயதிலேயே வலது கால் சூம்பிப்போய்விட்டது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். இடது காலால் மிதித்தே ஒரு குடும்பத்தை நடத்தினார். வாசலைப் பார்த்து மிஷினைப் போட்டிருப்பார். ஜனங்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே பேன்ட்டை உள்ளே நீட்டுவார்கள், அவரும் எழுந்திருக்காமலே வாங்கிப் போடுவார். அதுதான் கடை, அதுதான் சோறு. தலைவி உட்பட எல்லோரும் கீழே உட்கார்ந்து, அவர் மட்டும் மேலே உட்கார்ந்திருந்ததால், அவர்தான் தெருவுக்குப் பெரிய மனிதர் என்று நிறுவனம் முடிவு செய்துகொண்டது.

"ஐயா முதல்ல சொல்லட்டும்."

மாப்பிள்ளை கூச்சத்தில் நெளிந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா. தரைத்தளம் வேணும். மாடி ஏற முடியாது. மிஷினு தெருவைப் பாத்து இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

தலைவி கண்ணை மூடினார். அவரோடு வந்த எல்லோரும் கண்ணை மூடினார்கள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நானும் எழுந்து நின்றுவிட்டேன். அதுதான் அவர்கள் கேட்கிற முறையாம். கொஞ்ச நேரம் கழித்து, "தரைத்தளம்," என்று தலைவி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், புதுப் பலகாரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி. எழுதுகிற பெண் பெரிய தாளில் அதைப் பெரிய எழுத்தில் எழுதினாள். பிறகு எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். கைதட்டினால் சிலர் பயந்துவிடுவார்களாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாப்பிள்ளை முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா மச்சான், கண்ணை மூடிக்கிட்டு எவ்வளவு கவனமா கேட்டாங்க."

"கண்ணை மூடிக்கிட்டா உன் காலு எப்படிய்யா தெரியும்?"

"உங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

அடுத்தடுத்த கூட்டங்களில் மற்றவர்களும் கேட்டார்கள். ஒருத்தி நல்ல தண்ணீர் கேட்டாள். ஒருவர் காற்றோட்டம் கேட்டார். பேப்பர்காரர், "இந்தப் பழைய தெருவே போதும், விட்டுடுங்க," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். என்னைக் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன், கை காட்டி வண்டியை நிறுத்துகிறவனிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று தெரியும். எழுதுகிற பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதையோ எழுதினாள்.

தெருவில் ஒருவரும் அவர்களை நம்பவில்லை. தங்கச்சி வீட்டைத் தவிர ஒரு வீட்டிலும் அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இதைத் தலைவியிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி ஐயா. அவநம்பிக்கைதான் எங்க மூலதனம். போன ஊர்ல ஒரு தெரு எங்களை உடனே நம்பிடுச்சு. என்ன பண்றதுன்னே தெரியல. நம்பிக்கை வளர்க்கறதுக்குன்னு வந்த ஆட்கள் எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. உங்க தெரு ரொம்ப வளமான தெரு."

அடுத்த வாரமே நம்பிக்கை அலுவலர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். சுறுசுறுப்பான ஆள். நம்பிக்கைப் பயிற்சி என்று சொல்லி எங்களைத் தெருவில் நிறுத்தினார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், இன்னொருவர் பிடிக்க வேண்டும். முதலில் மீட்டர்காரர் போனார். மின்சார ஆபீசில் மீட்டர் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், யார் எதைச் சொன்னாலும் செய்கிற மனிதர்.

"சாயுங்க சார். நாங்க இருக்கோம்," என்று அலுவலரின் குரல் கேட்டது. குரல் முன்பக்கமிருந்து வந்தது. பின்னால் நின்றால் போட்டோவில் முகம் விழாது என்று அவர் முன்னால் வந்துவிட்டார். மீட்டர்காரர் பலகை விழுகிற மாதிரி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அன்றைக்குத் தலைவி கண் கலங்கிப் பேசினார். "இன்னைக்கு ஒருத்தர் நம்பி விழுந்தார். இத்தனை வருஷத்துல நான் பார்த்த மிகப் பெரிய வெற்றி இது. பிடிக்கலையேன்னு சிலர் கேக்கறீங்க. முதல் கட்டம் விழறது. பிடிக்கறது இரண்டாம் கட்டத்துல வருது."

மீட்டர்காரர் கட்டுப் போட்ட கையையும் சேர்த்துத் தூக்கி நல்ல கையின் விரல்களை மட்டும் ஆட்டினார்.

இடிக்கிற நாளுக்கு விடைபெறும் விழா என்று பேர் வைத்தார்கள். அவரவர் வீட்டுச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அது சொல்வதைக் கேட்க வேண்டும். பொக்லைன் ஓட்ட வந்தவரையும் இறக்கி, ஒரு சுவரில் காதை வைக்கச் சொன்னார்கள். அவர் என் பக்கத்துச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, "பெரியவரே, இன்னும் எவ்வளவு நேரம்? வண்டி மணிக்கணக்கு வாடகை," என்று முணுமுணுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து ஒரே காலையில் தெருவை வழித்துப் போட்டார். ஆளுக்கொரு செங்கல்லைக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வைத்து நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். என் வீட்டுச் சுவருக்கு நீலச் சுண்ணாம்பு. பெட்டியில் இருந்தது பச்சை.

"இது என் வீட்டுக் கல்லு இல்லையே."

"உணர்வு ஒண்ணுதானே ஐயா," என்றார் நம்பிக்கை அலுவலர்.

கட்டி முடிக்கிறவரை தகரக் கொட்டகையில் கிடந்தோம். வெயில் காலத்தில் உள்ளே வெந்தோம், மழைக் காலத்தில் மிதந்தோம். மாப்பிள்ளை மட்டும் குறை சொல்லவில்லை. கொட்டகை தரையில் இருந்தது, அவருக்கு அது போதும். வாசலில் மிஷினைப் போட்டுக்கொண்டு, புது வீட்டில் எந்தப் பக்கம் வெளிச்சம் வரும் என்று தங்கச்சியிடம் பேசிக்கொண்டிருப்பார்.

திறப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் வந்திருந்தார்கள். கட்டடம் அழகாகத்தான் இருந்தது. வெள்ளைச் சுவர், ஒவ்வொரு மாடியிலும் வெளியே தெரிகிற மாதிரி பித்தளை எழுத்தில் ஏதோ பேர். தலைவி மைக்கைப் பிடித்தார்.

"மற்ற கட்டடங்கள்ல மாடிக்கு எண் போடுவாங்க. எண்ணு மனுஷனையும் எண்ணாக்கிடும். நாங்க எண் போடல. நீங்க கேட்டதையே ஒவ்வொரு மாடிக்கும் பேரா வெச்சிருக்கோம். நல்ல தண்ணீர் கேட்டீங்க. இதோ இருக்கு, முதல் மாடி, நல்ல தண்ணீர். இரண்டாவது, காற்றோட்டம். நீங்க கேட்டு நாங்க குடுக்காதது எதுவுமே இல்லை. யார் எதைக் கேட்டாங்களோ அவங்களுக்கு அந்த மாடியிலயே வீடு."

வந்தவர்கள் எல்லோரும் விரலை ஆட்டினார்கள். நல்ல தண்ணீர் மாடியில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. காற்றோட்டத்தில் அதுவும் வரவில்லை. எனக்கு மூன்றாவது மாடி, அதன் பேர் மௌனம். அன்றைக்கு அந்தப் பெண் எழுதிக்கொண்டது அதைத்தான். தண்ணீர் மோட்டாரை அந்த மாடியில்தான் வைத்திருந்தார்கள், அது ஓடுகிறபோது என் பல்செட்டு டம்ளருக்குள் ஆடும். நாலாவது மாடிக்குப் பழைய தெரு என்று பேர். பேப்பர்காரர் அங்கே போனார்.

பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். "தரைத்தளம், மூன்றாம் எண்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். தங்கச்சியும் அழுதாள். இத்தனை நாள் நல்லவர்களைக் கண்டபடி பேசிவிட்டோமே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனோம். மூன்றாம் கதவு கண்ணாடிக் கதவு. உள்ளே வட்டமாக நாற்காலிகள். கதவில் கேட்டல் அறை என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் வந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"இது எங்க வீடுப்பா. தரைத்தளம், மூணாம் நம்பர்," என்றார் மாப்பிள்ளை.

"தரைத்தளம் மேல இருக்கு ஐயா."

"மேலயா?"

"அஞ்சாவது மாடி."

"அப்ப இது என்ன?"

வாட்ச்மேன் காலடியைக் குனிந்து பார்த்தார். "இது கீழ."

நான் தலைவியைத் தேடிப் பிடித்து வந்தேன். அவருக்கு எங்கள் குழப்பம் வருத்தமாக இருந்தது.

"முதல்ல கீழதான் குடுக்கலாம்னு யோசிச்சோம் ஐயா. ஆனா கீழ குடுத்தா அது வெறும் இடம். யார் வேணாலும் குடுப்பாங்க. நாங்க பேரையே குடுத்திருக்கோம். கால் முடியாத ஒருத்தரை இவ்வளவு உயரத்துல வேற எந்த நிறுவனமாவது வெச்சிருக்கா, சொல்லுங்க."

"அவரு எப்படிம்மா ஏறுவாரு? லிஃப்ட் எங்க?"

"இரண்டாம் கட்டம்," என்றார் நம்பிக்கை அலுவலர்.

நான் சட்டையைப் பிடித்திருப்பேன். மாப்பிள்ளைதான் தடுத்தார். "விடுங்க மச்சான். கொட்டகையையும் பிரிச்சுட்டாங்க. ராத்திரி எங்க போய்ப் படுக்கறது?" நானும் பேப்பர்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். மேலே கொண்டுபோய் வைத்ததோடு சரி, அவர் அதற்கப்புறம் உயிரோடு கீழே இறங்கவில்லை.

மிஷினை ஜன்னல் பக்கம் போட்டார். தெரு தெரிந்தது, ஆனால் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. தங்கச்சி ஒரு வாளியில் கயிறு கட்டிக் கீழே விட்டாள். பழைய ஆட்கள் வாளியில் துணியைப் போட்டுவிட்டு அண்ணாந்து கத்துவார்கள். ஒருநாள் நான் போயிருந்தபோது ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கேருந்தே அளவெடுக்கச் சொல்றான் மச்சான். எனக்கு உச்சந்தலையும் மூக்கும்தான் தெரியுது. இடுப்பு எங்க இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

அந்த வாளியை நிறுவனம் படம் பிடித்துப் போஸ்டர் அடித்தது. 'உயரும் உழைப்பு' என்று தலைப்பு. போஸ்டரைப் பார்த்து எந்த ஊரிலிருந்தோ கட்டடத்தின் முகப்புக்கு ஒரு பரிசு வந்தது. பரிசு வந்த முகப்பில் கயிறு தொங்கக் கூடாது என்று அடுத்த வாரம் நம்பிக்கை அலுவலரே வந்து கயிற்றை அறுத்தார். வாளியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார், அது எங்கள் சொத்தாம். அதோடு தையலும் நின்றது. தங்கச்சி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். மாப்பிள்ளை துணியில்லாமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பார். எண்ணெய் காய்ந்துவிடக் கூடாதாம்.

ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. தங்கச்சி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். விலாசம் கேட்டார்கள். "தரைத்தளம், மூணாம் நம்பர்," என்றாள். வேறு விலாசம் எங்களுக்குக் கிடையாது.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் இறங்கி, கீழ்த்தளத்தில் மூன்றாம் கதவைத் திறந்தார்கள். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் வட்டமாகக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பேஷன்ட் யாருங்க?" என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. கேட்கிற நேரத்தில் பேசக் கூடாது.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மூலையில் மீட்டர்காரர், எலும்பு சரியாகக் கூடாத கையில் இன்னும் கட்டோடு, தலை ஒரு பக்கம் தொங்க, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இருக்கிறவர்களில் அவர்தான் நோயாளி மாதிரி இருந்தார். அவரைத் தூக்கிக் கிடத்தி, மூக்கில் காற்றுக் குழாயை மாட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். மீட்டர்காரருக்குப் பாதி வழியிலேயே முழிப்பு வந்திருக்கிறது. பிடிக்கிற கட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாராம். அவரே பிறகு சொன்னார்.

நான் மூன்றாவது மாடியில் மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ் வந்ததையும் யாரையோ ஏற்றிக்கொண்டு போனதையும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். யாரோ பிழைத்தார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கச்சி தலைமுடி அவிழ்ந்து படியில் ஓடி வந்தாள்.

"அண்ணே, ஆம்புலன்ஸ் வந்துச்சா?"

"வந்து போயிருச்சே."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் மேலே ஓடிப் பார்த்தபோது மாப்பிள்ளை மிஷின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு எங்களைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். தலைவி எழுந்து நின்று பேசினார்.

"ஐயா நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். அதை நாம குடுத்தோம். கடைசி மூச்சுவரைக்கும் அவர் தரைத்தளத்துலதான் இருந்தார். எத்தனை நிறுவனம் இப்படிச் சொல்லிக்க முடியும்? இந்த மரணத்துல எங்களுக்கு ஒரு நிறைவு இருக்கு."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள். கண்ணை மூடியபடியே தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்? எதுவா இருந்தாலும் கேளுங்க. மொட்டைமாடிக்கு நாங்க இன்னும் பேர் வெக்கல."

எழுதுகிற பெண் பேனா மூடியைத் திறந்தாள். தங்கச்சியின் உதடு பிரிந்தது. எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டி அவள் வாயைப் பொத்தினேன். உள்ளங்கைக்குள் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

"எழுதிக்கோம்மா," என்றார் தலைவி, குரலை உயர்த்தாமல். "இங்கே பெண்களைப் பேச விடறதில்லை."

உடனே புதுத் திட்டம் வந்துவிட்டது. குடும்பத்துப் பெண்களைப் பேச விடுவது எப்படி என்று ஆண்களுக்கு வகுப்பு. நான் போகாவிட்டால் என் வீட்டையும் தங்கச்சி வீட்டையும் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். போனேன். நம்பிக்கை அலுவலர்தான் வாத்தியார். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். என் கையை நானே பார்த்து அதனிடம் பேசச் சொன்னார். நான் கையோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தலைவியும் எழுதுகிற பெண்ணும் தரைத்தளத்துக்கு ஏறிப் போய்த் தங்கச்சியைக் கேட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

மறுவாரமே மொட்டைமாடி வாசலில் பித்தளை எழுத்து மாட்டினார்கள். 'என் வீட்டுக்காரர்'.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரம் தேய்க்கிற வீடுகளுக்குப் போன் போட்டேன், வரவில்லை என்றார்கள். வயதான காலத்தில் அத்தனை படியும் இறங்கி வாட்ச்மேனிடம் வந்து நின்றேன்.

"என் தங்கச்சியைப் பாத்தியாப்பா?"

"அவங்களா," என்று வாட்ச்மேன் வானத்தைக் காட்டினார். "காலையிலேயே வீட்டுக்காரர்கிட்ட போயிட்டாங்களே."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"துணி காயப்போட," என்றார்.